இருவர் மட்டும் விளையாடும் மாலை: எதை விளையாடுவது, எப்படி விளையாடுவது

வெள்ளிக்கிழமை மாலை கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்து, உணவகத்தில் மேசைக்குக் காத்திருந்து, பக்கத்து மேசைக்காரரின் குடும்பப் பிரச்சினையையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத் திரும்புவதைவிட, வீட்டிலேயே ஒரு விளையாட்டை விரித்து வைத்து இருவரும் எதிரெதிரே அமர்வது பல தம்பதியருக்கு நிறைவைத் தரும். எந்த விளையாட்டைத் தெரிவுசெய்வது என்பதில்தான் சிக்கல். அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் மொனோப்பொலிப் பெட்டியை இறக்கினால், மூன்று மணித்தியாலம் கழிந்த பின்னரும் ஒருவர் மற்றவரிடம் வாடகை வசூலித்துக்கொண்டிருப்பார். சதுரங்கமும் எல்லோருக்கும் பொருந்தாது. இருவரின் திறமையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலன்றி, ஒருவர் தொடர்ந்து தோற்க மற்றவர் பொறுமையாக விளக்கம் சொல்ல, மாலை முழுவதும் டியூசன் வகுப்பாக மாறிவிடும்.

தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பவை சிலவே. ஒரு சுற்று அரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும்; அப்போதுதான் தோற்றவர் அன்றிரவே பழிதீர்த்துக்கொள்ளலாம். அதிர்ஷ்டமும் ஓரளவு கலந்திருக்க வேண்டும். தோற்றவர் சாக்குச் சொல்வதற்கு இடமில்லாத விளையாட்டு இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, ஒருவர் யோசிக்கும் நேரத்தில் மற்றவர் வாய்மூடி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமையை. நாள் முழுவதும் அலுவலகத்திலும் பேருந்திலும் கழித்துவிட்டு வந்த இருவர் பேசிக்கொள்வதற்காகத்தானே அமர்கிறார்கள். அதற்கு இடங்கொடுக்காத விளையாட்டு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

மேசையும் வெளிச்சமும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் இருப்பவர்கள் பல்கனியில் மேசை போட ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் கடற்காற்றில் காட்ஸ் நிற்காது. வெளியில் அமர்வதென்றால் கனமான காய்களைக் கொண்ட விளையாட்டுகளையே எடுக்க வேண்டும். 2001இல் வெளிவந்த ஹைவ் என்ற விளையாட்டு இதற்கென்றே செய்தது போன்றது: ஆளுக்குப் 11 அறுகோணக் காய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி, பலகையே தேவையில்லை, எதிராளியின் இராணித் தேனீயை ஆறு பக்கமும் சூழ்ந்துகொள்பவர் வெல்கிறார். காலி முகத்திடலில் இறால் வடை வாங்கிக்கொண்டு புல்லில் அமர்ந்துகூட இதை விளையாடலாம். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் அதை நிறுத்த முடியாது; ஆகவே மேசையை விசிறிக்கு நேர் கீழே போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

மெழுகுதிரி வெளிச்சம் அழகுதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது திரி வெளிச்சத்தில் விளையாடிப் பார்த்தவர்களுக்கு அதன் குறையும் தெரிந்திருக்கும்: அந்த மஞ்சள் ஒளியில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிய முடியாது. நிறத்தை வைத்து விளையாடுவதென்றால் பக்கத்தில் ஒரு மேசை விளக்கையும் எரியவிட்டு, மெழுகுதிரியைக் கை தட்டாத தூரத்தில் வைப்பது நல்லது.

சிற்றுண்டி விடயத்தில் நான் கண்டிப்பானவன். ரோல்ஸ், கட்லட், பட்டிஸ் எல்லாவற்றையும் முதற்சுற்று முடிந்த பின் உண்ணுங்கள். எண்ணெய்க் கை பட்ட காட்ஸ் மறுபடி பழைய நிலைக்கு வராது. விளையாடும்போது வறுத்த கச்சானோ முறுக்கோ போதும். பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைக்காமல் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தால், கை பட்டுக் கொட்டிவிடுமோ என்ற பயம் இராது. தொலைபேசிகள் இரண்டும் வேறு அறையில் இருக்கட்டும். புள்ளி எழுதத் தாளும் பென்சிலும் போதும்.

பெற்றோருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஹோலில் மேசை போட்டால் மாமி தொடர் நாடகத்தின் விளம்பர இடைவேளையில் வந்து நின்று, "அந்தக் காயை ஏன் பிள்ளை விட்டனீர்?" என்று கேட்பார். அவருடன் ஒரு சுற்று விளையாடிவிட்டு, அவர் உறங்கப் போன பின் உங்கள் ஆட்டத்தைத் தொடங்குவதுதான் வீட்டுக்கும் மாலைக்கும் நல்லது.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவை

இலங்கையில் அநேகமாக எந்த வீட்டிலும் கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ ஒரு கரம் பலகை சாய்ந்திருக்கும். இருவருக்கான விளையாட்டுகளில் இதை நான் முதலில் வைக்கிறேன். பேசிக்கொண்டே அடிக்கலாம், ஒரு பலகை, அதாவது ஒரு சுற்று, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும், திறமை வேண்டும் என்றாலும் குருட்டு அடியில் காய் விழுவதும் நடக்கும். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு; சிவப்பை விழுத்தியவர் உடனே தம் காயொன்றையும் விழுத்தி அதை உறுதிப்படுத்தாவிட்டால் சிவப்பு மறுபடி நடுவுக்குப் போய்விடும். போட்டி விதிப்படி சிவப்புக்கு மூன்று புள்ளி, மேசையில் மிஞ்சும் எதிராளியின் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, முதலில் 25 புள்ளியைத் தொடுபவர் ஆட்டத்தை வெல்கிறார். வீட்டு மாலைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மூன்று பலகை என்று முன்னரே பேசிக்கொண்டால் போதும்.

இதில் பெரும்பாலும் ஒருவர் கை தேர்ந்தவராக இருப்பார். பாடசாலைக் காலத்திலோ விடுதியிலோ அடித்துப் பழகியவருக்கு எதிரே புதியவர் அமர்ந்தால் ஆட்டம் சலித்துவிடும். விட்டுக்கொடுத்து அடிப்பது இதற்குத் தீர்வன்று; அது உடனே தெரிந்துவிடும், தெரிந்தால் கோபம்தான் வரும். தேர்ந்தவர் இடக்கையால் அடிக்க வேண்டும் என்று வெளிப்படையாக விதி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஸ்ரைக்கர் காயைத் தொடாமலே எதிர்ப்பக்கக் குழிக்குள் போய் விழும்போது எழும் சிரிப்பே அந்த மாலைக்குப் போதுமானது. மற்றபடி, பலகையில் தூவும் மா உடுப்பில் ஒட்டும் என்பதால் பட்டுச் சேலையோடும் கறுப்புச் சட்டையோடும் கரம் அடிக்க உட்கார வேண்டாம். தொடர்மாடியில் இருப்பவர்கள் பலகைக்குக் கீழே ஒரு தடித்த போர்வையை விரித்துக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்ரைக்கர் சத்தம் கீழ்வீட்டுக்காரரை மேலே வரவழைத்துவிடும்.

கரத்தைவிட அமைதியானது வேண்டுமென்றால் பல்லாங்குழி இருக்கிறது. ஆளுக்கு ஏழாகப் 14 குழிகள், குழிக்கு ஐந்து காய்கள். உங்கள் பக்கக் குழியொன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையில் இருப்பது முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் முறை மற்றவருக்குப் போகிறது. இரண்டு குழிகள் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் எதுவும் கிடைக்காமலே போகிறது. தம் பக்கத்துக் குழியொன்றில் சரியாக நான்கு காய்கள் சேரும்போது அதைப் பசு என்று அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். எண்ணிப் பார்த்து விளையாடுபவர் வெல்வார் என்றாலும், பேச்சில் மூழ்கி எண்ணாமல் அள்ளுபவருக்கும் சில வேளை பெரிய குழி வாய்க்கும். பலகை இல்லாவிட்டால் 14 சிறு கிண்ணங்களும் எழுபது புளியங்கொட்டையும் போதும். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்தில் விளையாடும் ஒலிந்த கெலியவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்குப் பயன்படும் குன்றிமணி பார்க்க அழகாக இருந்தாலும் நச்சுவிதை என்பதால் சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டும்.

ஆடுபுலி ஆட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். மூன்று புலிகளுக்கு எதிராகப் பதினைந்து ஆடுகள். புலி தாண்டிக் குதித்து ஆட்டைப் பிடிக்கிறது, ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கின்றன. ஒரு தரம் நீங்கள் புலி, மறுதரம் ஆடு என்று மாற்றி விளையாடினால் கணக்குச் சரியாகிவிடும்.

ஒரு காட்ஸ் கட்டு, நான்கு பயணங்கள்

காட்ஸ் என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 304. ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளி; நான்கு இனமும் சேர்ந்தால் 304. அதுவும் ஓமியும் அடிப்படையில் நால்வருக்கானவை. இன்னொரு தம்பதியர் இரவுச் சாப்பாட்டுக்கு வரும் நாளில் அவற்றை எடுக்கலாம்; அன்றைக்கும் கணவன் மனைவி ஒரே கூட்டாக அமராமல் இருப்பது நல்லது, பிழையான துரும்புக்கு யார் காரணம் என்ற வழக்கு வீடு திரும்பும் வரை நீளும்.

இருவருக்கு நான் பரிந்துரைப்பது வேறொன்று. ஜெர்மன் நாட்டு விளையாட்டு வடிவமைப்பாளரும் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவருமான ரைனர் க்னிட்சியா 1999இல் வெளியிட்ட லாஸ்ட் சிட்டீஸ் என்ற ஆட்டம், ஐந்து நிறங்களில் 60 காட்ஸைக் கொண்டது. அதன் பெட்டி கிடைக்காவிட்டால் சாதாரண காட்ஸ் கட்டிலிருந்து நான்கு ஆசுகளையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் 48இல் ஏறக்குறைய அதே ஆட்டத்தை ஆடலாம்.

ஒவ்வோர் இனமும் ஒரு பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்து பத்து வரையானவை பயணத்தின் படிகள். ஜேக், இராணி, இராசா மூன்றும் பந்தயக் காட்ஸ். ஆளுக்கு எட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் முறை வரும்போது ஒரு காட்ஸை உங்கள் பக்கத்தில் அதற்குரிய இனத்தின் வரிசையில் வைக்கலாம், அல்லது நடுவில் அந்த இனத்துக்கான கழிவு அடுக்கில் நிமிர்த்திப் போடலாம்; அதன் பின், கவிழ்ந்த கட்டிலிருந்தோ கழிவு அடுக்கொன்றின் மேலிருந்தோ ஒன்றை எடுக்க வேண்டும். இப்போதுதான் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. வரிசையில் எண்கள் ஏறுமுகமாக மட்டுமே போகும். நான்குக்குப் பின் ஏழு வைத்தால் ஐந்தும் ஆறும் உங்களுக்கு இனி இல்லை. பந்தயக் காட்ஸ் வைப்பதென்றால் அந்த இனத்தில் முதல் எண்ணை வைக்கும் முன்னரே வைத்துவிட வேண்டும். கவிழ்ந்த கட்டின் கடைசிக் காட்ஸ் எடுக்கப்பட்ட கணத்தில் சுற்று முடிகிறது.

கணக்குப் பார்ப்பதில்தான் இதன் சுவை இருக்கிறது. தொடங்கிய ஒவ்வொரு பயணத்துக்கும் எண்களைக் கூட்டி அதிலிருந்து 20ஐக் கழிக்க வேண்டும்; பந்தயக் காட்ஸ் ஒன்று இருந்தால் விடையை இரண்டாலும், இரண்டு இருந்தால் மூன்றாலும், மூன்றும் இருந்தால் நான்காலும் பெருக்க வேண்டும். நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது என்று வைத்தவருக்குக் கூட்டுத்தொகை 27. இருபது போக ஏழு. ஒரு பந்தயம் இருந்தால் 14. மூன்று, ஐந்து, ஏழு என்று பாதியில் நின்றவருக்கு ஐந்து புள்ளி கடன். நம்பிக்கையோடு இரண்டு பந்தயமும் வைத்திருந்தால் கடன் 15. வரிசையில் எட்டுக் காட்ஸோ அதற்கு மேலோ சேர்த்துவிட்டால், பெருக்கி முடித்த பின் 20 புள்ளி தனியாக உண்டு. தொடங்காத பயணத்துக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூன்று சுற்று ஆடி மொத்தத்தைக் கூட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாகவே ஆகும்.

இதை இருவருக்கான ஆட்டம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மற்றவருக்கு வேண்டிய காட்ஸ் எப்போதும் உங்கள் கையில் இருப்பதுதான். அவருடைய ஆட்டின் (இதயக் குறி இனம்) வரிசை ஆறில் நிற்கிறது. உங்கள் கையில் ஆட்டின் எட்டும் ஒன்பதும் கிடக்கின்றன. உங்களுக்கு அவை பயனில்லை, போட்டால் அவர் பொறுக்கிக்கொள்வார். வைத்திருந்தால் உங்கள் கையில் இடமில்லை. "என்ன, ஒன்பதை வைத்துக்கொண்டா இருக்கிறீர்கள்?" என்று அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் பிளேன்ரீயைக் குடிப்பதுபோல் முகத்தை மறைப்பீர்கள்.

தமிழிலேயே ஒரு சொல்லாட்டம்

ஸ்கிரபிள் நல்ல விளையாட்டுத்தான், ஆனால் ஒருவருக்கு ஆங்கிலச் சொல்வளம் கூடுதலாக இருந்தால் மற்றவருக்குச் சுமையாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் தனித்தனியாக எண்ணாமல், இருவரும் சேர்ந்து 500 புள்ளியைத் தொடுவது என்று இலக்கு வைத்து ஆடுவதே சரி. தமிழில் விளையாட விரும்புபவர்கள், விளாடா ஹ்வாடிலும் ஸ்கொட் ஈட்டனும் வடிவமைத்து 2017இல் வந்த கோட்நேம்ஸ் டூயட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதில் இருவரும் ஒரே அணி.

இருபத்தைந்து தாள் துண்டுகளில் தமிழ்ச் சொற்களை எழுதிக் கவிழ்த்து வையுங்கள்: மழை, ரயில், தாலி, சம்பல், குடை, தேர், மணல், கடிதம், பல்லி என்று பல வகையாகக் கலந்திருக்க வேண்டும். சொற்களை விரிக்கும் முன்பே இருவரும் தனித்தனித் தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, மற்றவர் பார்க்காமல், எட்டுக் கட்டங்களில் சரிக்குறியும் மூன்றில் பெருக்கல் குறியும் இட வேண்டும். அதன் பின் துண்டுகளைக் கலந்து அதே வடிவில் நிமிர்த்தி அடுக்குங்கள். கட்டம் தலைகீழாகத் தெரியாதிருக்க இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் அருகருகே அமர வேண்டும். இந்த விதியை எவரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை. முறைக்கு ஒருவர், தம் சரிக்குறிச் சொற்கள் பலவற்றை இணைக்கும் ஒரேயொரு சொல்லையும் எத்தனை என்ற எண்ணையும் சொல்ல, மற்றவர் துண்டுகளைத் தொட்டுக் காட்டுவார். சரியென்றால் துண்டை எடுத்துவிட்டுத் தொடரலாம். குறியில்லாத கட்டமென்றால் அந்த முறை முடிந்தது. பெருக்கல் குறியைத் தொட்டால் இருவருக்கும் தோல்வி. இருவரின் சரிக்குறிகள் எல்லாம் ஒன்பது குறிப்புகளுக்குள் தீர்ந்தால் வெற்றி.

எடுத்துக்காட்டாக, மனைவி "நல்லூர், இரண்டு" என்கிறார். அவர் மனதில் இருப்பது தேரும் மணலும். கணவரின் விரல் தேரைத் தொடுகிறது, பின்னர் சற்றும் தயங்காமல் ஐஸ்கிறீமுக்குப் போகிறது. அது பெருக்கல் குறி. திருவிழாவுக்குப் போனவருக்கு வீதியோரக் குளிர்களிக் கடையில் முதன்முதலாகப் பேசியதுதான் நினைவிருக்கிறது, தேர் வந்ததே நினைவில்லை. ஆட்டம் தோற்றுப்போனாலும் அடுத்த அரை மணித்தியாலம் அந்தப் பேச்சிலேயே போய்விடும். இருவருக்கும் மட்டும் தெரிந்த இடங்களும் ஆட்களும் சொற்களில் கலந்திருந்தால் இப்படிப்பட்ட பிழைகள் பெருகும். அவற்றுக்காகவே கலந்து வையுங்கள்.

பெட்டியில் வருபவை

வெளிநாட்டுப் பலகை விளையாட்டுகள் பல கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில்தான் நம் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே கேட்கும்போது சிறிய பெட்டியாகப் பார்த்துக் கேளுங்கள். பொத்தான்களைப் பணமாகக் கொடுத்துத் துணித்துண்டுகளை வாங்கி ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தை நிரப்பும் பேட்ச்வேர்க் 2014இல் வந்தது. ஆத்திரமூட்டாத ஆட்டம், புதியவருக்கும் ஏற்றது. ஒட்டகங்களையும் சரக்குகளையும் பண்டமாற்றும் ஜெய்ப்பூர் இன்னும் விறுவிறுப்பானது. ஒருவர் விமானியாகவும் மற்றவர் துணை விமானியாகவும் இருந்து விமானத்தைத் தரையிறக்கும் ஸ்கை டீம், ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதை 2024இல் பெற்றது. பகடையை உருட்டிய பின் இருவரும் பேசக் கூடாது என்பது அதன் விதி. பேச இடங்கொடுக்காத ஆட்டம் வேண்டாம் என்று மேலே சொன்னேன். இது அதற்கு விலக்கு, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றின் முன்னும் பின்னும் பேசுவதற்கு ஏராளம் இருக்கும்.

பந்தயம் வைப்பதானால் பணம் வேண்டாம். தோற்றவர் சமைக்க வேண்டும் என்பதும் வேண்டாம். நாள்தோறும் ஒருவரே சமைக்கும் வீட்டில் அது பந்தயமே ஆகாது. அடுத்த போயா விடுமுறை நாளை எங்கே கழிப்பது என்று வென்றவர் முடிவுசெய்யட்டும், அல்லது அடுத்த மாலைக்கான ஆட்டத்தைத் தோற்றவர் தெரிவுசெய்யட்டும். இரண்டாவதுதான் நீண்ட காலத்துக்கு ஒத்துவரும்.

முடித்ததும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கொழும்பின் ஈரப்பதனில் தாள் காட்ஸ் சில மாதங்களிலேயே வளைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். பிளாஸ்டிக் காட்ஸ் வாங்குவது நல்லது. தாள் காட்ஸ் என்றால் இறுக மூடும் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். கரம் பலகையை ஈரச் சுவரில் சாய்க்காமல், மாவைத் துணியால் துடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் மட்டமாகக் கிடத்தினால் பலகை வளையாது.